ஆறு பூட்டுகள்

பைத் மஅயன்
1998 அக்டோபர் 4

அன்பு அண்ணன் முக்பிலுக்கு, தங்கை நூரிய்யாவின் ஸலாம். மலையில் பனி இறங்கத் தொடங்கிவிட்டது. அதைத் தவிர எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அமெரிக்கக் குளிர் வருமுன்பே கம்பளிப் பட்டியைக் கட்ட ஆரம்பியுங்கள். அண்ணிக்கும் உங்கள் மகன் சாலிமுக்கும் என் துஆ.

என் மகன் ஹம்தானுக்கு நீங்கள் அனுப்பிய சப்பாத்து வந்து சேர்ந்தது. குதிகாலில் விளக்கு எரிவதைப் பார்க்க ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஹம்தான் பின்னால் குனிந்துகொண்டே நடக்கிறார்கள். ஆறு வயதுக்குள் இவ்வளவு பெரிய மனிதனாகிவிட்டான்.

மேல் குடியிருப்புக்கும் கீழ்க் குடியிருப்புக்கும் தண்ணீர்த் தொட்டித் தகராறு முற்றிவிட்டது. இரண்டு பக்கமும் என் வீட்டுக்காரரை நடுவராக ஏற்றுக்கொண்டார்கள். தீர்ப்புக்குக் கட்டுப்படுவோம் என்பதற்குப் பிணையாகப் பக்கத்துக்கு மூன்று துப்பாக்கி வைத்தார்கள். ஆறும் எங்கள் விருந்தறைச் சுவரில் தொங்குகின்றன. எல்லாவற்றிலும் தோட்டா இருக்கிறது.

"தோட்டாவ எடுத்துட்டு மாட்டுனா என்ன?" என்று கேட்டேன்.

"அடகு வச்ச நகைய ஒருத்தன் உருக்கிப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தா உனக்கு எப்படி இருக்கும்?"

"நகை புள்ளையக் கொல்லாதே, அபூ ஹம்தான்" என்றேன் ஹம்தானின் அப்பாவிடம்.

"முஸ்இத் தன் துப்பாக்கிய எப்படிக் குடுத்தானோ அப்படியே அவன் கைக்குப் போகணும். ஒரு தோட்டா குறைஞ்சாலும் 'நடுவர் என் பல்லப் புடுங்கிட்டாரு'ம்பான். அப்புறம் என் தீர்ப்ப எந்தக் கழுதை மதிக்கும்?"

ஹம்தான் ஆறையும் உரிமையாளர் பெயர் சொல்லி அடையாளம் காட்டுகிறான். முஸ்இத்துடையதில் வாரில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. அதுதான் அவனுக்குப் பிடித்தது. நான் சொன்னால் பெண் பேச்சு. நீங்கள் எழுதினால் அவர் கேட்பார். எழுதுங்கள்.

உங்கள் நலம் கேட்டுக் காத்திருக்கும்
நூரிய்யா


டெட்ராய்ட்
1998 நவம்பர் 2

என் தங்கை நூரிய்யாவுக்கு, ஸலாம். இறைவன் உங்கள் கூரையையும் அதன் கீழுள்ளவர்களையும் காக்கட்டும். முதுகு தேவலை. பட்டியைக் கட்டியாயிற்று. கடை ஓடுகிறது. சாலிம் பள்ளி விட்டதும் நேரே இங்கே வந்து, கல்லாவுக்குப் பின்னால் பால் அடுக்கும் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறான்.

உன் கடிதம் வந்த வாரமே அவன் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. துப்பாக்கி ஓரிடத்தில் பூட்டியிருக்க வேண்டுமாம். தோட்டா வேறோரிடத்தில் பூட்டியிருக்க வேண்டுமாம். சாவி பெரியவர்களிடம். காவல் நிலையத்தில் பூட்டு இலவசம் என்றும் போட்டிருந்தது. போனேன்.

"எத்தனை வேணும்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஆறு."

"உங்க வீட்ல ஆறு துப்பாக்கியா?"

"என் வீட்ல ஒண்ணுகூட இல்லம்மா. என் மச்சான் வீட்ல. அதுவும் அவரோடது இல்ல."

நான் எங்கோ போர் தொடங்கப் போகிறவன் மாதிரி ஏற இறங்கப் பார்த்தார். ஆனாலும் கொடுத்தார். ஊருக்கு வரும் ஹாஜி தாஹிரிடம் ஆறையும் கொடுத்தனுப்புகிறேன். சிவப்பு உறை போட்ட எஃகுக் கம்பி. துப்பாக்கியின் மேல் வாயில் நுழைத்து, தோட்டாக் கூடான மேகசின் இருக்கும் ஓட்டை வழியாக வெளியே இழுத்துப் பூட்ட வேண்டும். தோட்டா உள்ளே இருந்தால் கம்பி போகாது. அதனால் இதைப் போட வேண்டுமானால் முதலில் தோட்டாவை வெளியே எடுத்தாக வேண்டும். அதுதான் இதன் சூட்சுமம்.

உன் வீட்டுக்காரர் நாஜிக்கும் தனியாக எழுதுகிறேன். அதுவரை ஆணியை உயர்த்தி அடிக்கச் சொல். தொடக்கூடாது என்று பையனுக்குச் சொல்லிக்கொண்டே இரு. ஆனால் ஆண்கள் இருக்கும்போது இந்தப் பேச்சை எடுக்காதே. நடுவர் மனைவிக்குப் பயந்தவர் என்று பெயர் வந்தால் நமக்கும் கேவலம்தான்.

ஹம்தானின் இரண்டு கன்னத்திலும் என் முத்தம்.
முக்பில்


பைத் மஅயன்
1998 டிசம்பர் 12

மதிப்புக்குரிய மச்சான் முக்பில் அவர்களுக்கு, நாஜியின் ஸலாமும் மரியாதையும். ரமளான் வாசலுக்கு வந்துவிட்டது. கடல் தாண்டி இருந்தாலும் உங்கள் நோன்பு எளிதாகட்டும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அக்கறைக்கு நன்றி. பூட்டுகளும் வந்தன. நல்ல பூட்டுகள். ஒன்றைக் கழுதைக் கொட்டகைக்குப் போட்டிருக்கிறேன். அந்தக் கழுதை இதுவரை தாழ்ப்பாளை மூக்கால் தள்ளிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. இப்போது அமெரிக்காவை நினைத்து முறைக்கிறது.

மற்றதில் என்னால் உங்கள் சொல்லைக் கேட்க முடியாது. மன்னியுங்கள். உங்களுக்குத் தெரியாததல்ல. துப்பாக்கியைப் பிணை வைக்கிறவன் தன் முகத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறான். அதற்கு நான் கடிவாளம் போட்டால் நாளைக்கே ஆறு பேரும் வந்து கழற்றிக்கொண்டு போவார்கள். தொட்டியருகே பிணம் விழும். அப்படி விழாமல் இருக்கத்தான் அவை என் சுவரில் தொங்குகின்றன.

என் மகன் தொடமாட்டான். அவனைக் கேட்டால் பெரியவர்களைவிட நன்றாகச் சொல்கிறான். நூரிய்யாவும் நலம். பெண்களுக்குப் பயம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

உங்கள் மச்சான்
நாஜி


பைத் மஅயன்
1999 ஜனவரி 25

அன்பு அண்ணனுக்கு, பெருநாள் வாழ்த்தும் ஸலாமும். உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும். பெருநாளன்று பின்த் அஸ்ஸஹ்ன் ரொட்டி சுட்டேன். தேன் ஊற்றும்போது உங்களை நினைத்துக்கொண்டேன். அண்ணிக்கு இருமல் என்று தாஹிர் சொன்னாரே, நின்றுவிட்டதா?

ஹம்தானுக்கு ஒரு வேடிக்கை கற்றுக்கொடுத்திருக்கிறார் அவன் அப்பா. விருந்தாளிகள் வந்ததும் நடுவில் நிறுத்தி, "மகனே, அது என்ன?" என்பார். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அமானிதம், நம்மள நம்பிக் குடுத்தது. தொடக்கூடாது" என்பான். எல்லோரும் சிரித்து உலர்திராட்சை கொடுப்பார்கள்.

பெருநாளுக்கு மறுநாள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அறையில் அவன் மட்டும். மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஏறி நின்றான். முஸ்இத்தின் துப்பாக்கியைப் பின்கட்டையிலிருந்து வாய்வரை ஒரு கையால் தடவினான். தடவிக்கொண்டே என் குரலில், நான் இழுத்துச் சொல்வது போலவே, "தொடக்கூடாது கண்ணு, தொடக்கூடாது. அது அமானிதம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அவரிடம் சொன்னேன். "பாத்தியா, தனியா இருக்கும்போதும் மறக்காம சொல்றான்" என்றார்.

அறையைப் பூட்டச் சொன்னேன். விருந்தாளிக்குக் கதவைப் பூட்டும் வீடு நடுவர் வீடா என்றார். ஆணியை மட்டும் ஒரு முழம் உயர்த்தி அடித்தார். அவரே அடித்தார், ஆழமாக. மெத்தை அடுக்கும் பையனுக்கு ஒரு முழம் எம்மாத்திரம்?

நானே தோட்டாவை எடுத்துவிடலாம் என்று பலமுறை கை போனது. முடியாது. முஸ்இத் வாரம் தவறாமல் வருகிறார். தன் துப்பாக்கிக்குக் கீழேயே உட்கார்ந்து காத் இலை மெல்கிறார். எழுந்து போகுமுன் மேகசினைக் கழற்றி, எட்டிப் பார்த்து, மாட்டிவிட்டுப் போகிறார். பிள்ளைக்கு வயிறு நிறைந்ததா என்று தாய் தொட்டுப் பார்ப்பது போல.

ஐந்து பூட்டுகள் என் பெட்டியில் துணிக்கடியில் இருக்கின்றன. இன்னொரு முறை என் வீட்டுக்காரருக்கு எழுதுங்கள். கெஞ்சி எழுதுங்கள்.
நூரிய்யா


டெட்ராய்ட்
1999 பிப்ரவரி 20

அன்புத் தங்கைக்கு, ஸலாம். அண்ணிக்கு இருமல் நின்றுவிட்டது. சாலிம் நலம். நானும் நலம்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. போன வாரம் கடையில் ஒருவன் என் நெற்றியில் துப்பாக்கியை வைத்துக் கல்லாவைத் திறக்கச் சொன்னான். சாலிம் எனக்குப் பின்னால் கிரேட்டில் உட்கார்ந்திருந்தான். பணத்தை வாரிக் கொடுத்தேன், வந்தவன் போய்விட்டான். பயப்படாதே. மறுநாளே செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். இனி அப்படி நடக்காது.

நாஜிக்கு மறுபடி எழுதினால் கோபிப்பார். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் தீர்ப்பு என்று தாஹிர் எழுதியிருந்தார். தீர்ப்பு வந்தால் துப்பாக்கிகள் தாமாகவே போய்விடும். கொஞ்சம் பொறுத்துக்கொள். இவ்வளவு நாள் போயிற்றே.

ஹம்தானுக்கு அடுத்த சப்பாத்து என்ன நிறம் வேண்டும் என்று கேட்டு எழுது.
முக்பில்


பைத் மஅயன்
1999 மார்ச் 31

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு, நாஜியின் ஸலாம். இறைவன் கொடுத்ததும் அவனுடையது, எடுத்ததும் அவனுடையது.

பெருநாளன்று எங்கள் வீட்டில் ஒரு துயரம் நடந்துவிட்டது. முஸ்இத் தன் இளைய மகன் ராஜிஹை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். ஏழு வயது. ஆண்கள் முற்றத்தில் குர்பானி அறுத்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் விருந்தறையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஓர் ஆணி தளர்ந்திருந்தது. துப்பாக்கி கீழே விழுந்து வெடித்தது. ராஜிஹ் அங்கேயே இறந்தான். ஹம்தானுக்குக் காயம் எதுவும் இல்லை.

விதியை யாரும் குற்றம் சொல்ல முடியாது. முஸ்இத் தரப்பும் ஒப்புக்கொண்டது. ஆனால் என் கூரையின் கீழ் நடந்ததால் நான் என் சொந்தத் துப்பாக்கிகள் நான்கைப் பக்கத்து ஊர் நடுவர் ஹிஸாமிடம் பிணை வைத்திருக்கிறேன். என்ன தீர்ப்பு வந்தாலும் ஏற்பேன்.

நூரிய்யா நலம். இப்போது எழுதும் நிலையில் இல்லை.
நாஜி


டெட்ராய்ட்
1999 ஏப்ரல் 28

நூரிய்யா, என் தங்கையே, ஸலாம். அந்தத் தாய்க்கு இறைவன் பொறுமையைத் தரட்டும். உனக்கும்தான்.

நாஜியின் கடிதம் வந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. ஒன்று கேட்கிறேன். அந்த ஆணியை ஒரு முழம் உயர்த்தி ஆழமாக அடித்ததாக நீதான் எழுதியிருந்தாய். இரண்டு மாதத்தில் அது எப்படித் தளர்ந்தது?

ஹம்தான் எப்படி இருக்கிறான்? நீ ஏன் அவனைப் பற்றி எழுதவில்லை? நீ ஏன் எதுவுமே எழுதவில்லை?
முக்பில்


பைத் மஅயன்
1999 ஜூன் 15

அன்பு அண்ணனுக்கு, ஸலாம். உடம்பு நலமாகத்தான் இருக்கிறது. உங்கள் கடிதம் வந்து நாளாகிறது. எழுத உட்கார்ந்தால் ஸலாமுக்கு அடுத்த வரி வரவில்லை.

ஆணி தளரவில்லை.

இத்தனை மாதத்தில் நான் என் மகனுக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்தேன். ராஜிஹுக்கு யாரும் சொல்லவில்லை. ஹம்தான் தொடக்கூடாது என்றிருக்கிறான். அதற்கு அந்தப் பிள்ளை, "உனக்குத்தான் தொடக்கூடாது. இது எங்கப்பாவோடது, நான் தொடலாம்" என்றிருக்கிறது. நியாயம்தானே? மெத்தைகளின் மேல் ஏறி அவனே இறக்கினான். கனம் தாங்காமல், "புடிடா, நான் எறங்கிக்கிறேன்" என்று ஹம்தான் கையில் கொடுத்தான். இதை ஹம்தான் அன்று ஒரு முறை என்னிடம் சொன்னான். அதற்குப் பிறகு சொல்லவில்லை.

சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தது என் வீட்டுக்காரர். வாசலில் நின்று இரண்டு பிள்ளைகளையும் பார்த்தார். பிறகு குறடு ஒன்றை எடுத்து வந்து ஆணியைப் பிடுங்கினார். பிடுங்கித் தரையில் போட்ட பிறகுதான் முஸ்இத்தை உள்ளே கூப்பிட்டார். பிள்ளை சுட்டான் என்றால் இரத்தப் பழி. ஆணி விழுந்தது என்றால் விதி. தன் மகனைக் காப்பாற்றத்தான் செய்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு அவனை நடுவில் நிறுத்திக் கற்றுக்கொடுத்தார். "மகனே, என்ன ஆச்சு?" "விழுந்துச்சு." கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதே குரலில். முதல் தடவை சரியாகச் சொன்னதும் பழக்க தோஷத்தில் அவன் அப்பாவின் கை திராட்சைக் கிண்ணத்துக்குப் போனது. அப்படியே நின்றது.

அவர் பிணை வைத்த நான்கும் ஹிஸாம் வீட்டுச் சுவரில் தொங்குகின்றன. தோட்டாவோடு. ஹிஸாமுக்கு ஐந்து பிள்ளைகள். இரண்டு மாதம் அந்தச் சுவரை நினைத்துக்கொண்டே மாவு பிசைந்தேன். போன மாதம் நான்கு பூட்டுகளை முக்காட்டு முனையில் முடிந்துகொண்டு அவர் மனைவி ஸப்ரிய்யாவைப் பார்க்கப் போனேன்.

"அது விழல" என்றேன்.

அவள் ரொட்டியைப் புரட்டிக்கொண்டே, "தெரியும்டி. ராஜிஹைக் குளிப்பாட்டுனது என் நாத்தனா. மேலேர்ந்து விழுந்த துப்பாக்கி நெஞ்சுக்கு நேரா எப்படிச் சுடும்னு அன்னிக்கே கேட்டா. ஆம்பளைங்க விழுந்துச்சுன்னாங்க, நாங்களும் விழுந்துச்சுன்னோம்" என்றாள்.

"அப்ப உன் செவுத்துல தொங்குறதும் விழும், ஸப்ரிய்யா."

ரொட்டி கருகியது. அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு, "எப்படிப் போடறதுன்னு காட்டு" என்றாள். இரண்டு பேருமாகத் தோட்டாவை எடுத்தோம். நான்கையும் பூட்டினோம்.

மாலையே ஹிஸாம் பார்த்துவிட்டார். பிணைத் துப்பாக்கியில் கை வைத்த பெண்ணுக்குக் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். அவள் காரணத்தைச் சொல்லிவிட்டாள். அது சபைக்குப் போனது. பொய்யை வைத்து என் கையைக் கட்டிவிட்டார்கள் என்கிறார் முஸ்இத். அவருடைய மூத்த மகன் பள்ளிக்கூடப் பாதையில் நிற்கிறான். அடிப்பதில்லை, திட்டுவதில்லை. ஹம்தான் கடக்கும்போது, "நல்லா சாப்புட்டு வளருடா தம்பி. நாங்க காத்திருக்கோம்" என்கிறான்.

என் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதில்லை. பேச என்ன இருக்கிறது? அந்த வீட்டின் ஐந்து பிள்ளைகளுக்காக என் பிள்ளையை விற்றுவிட்டேன் என்று நினைக்கிறார். நான் அப்படித்தான் செய்தேனா? நீங்களே சொல்லுங்கள்.
நூரிய்யா


டெட்ராய்ட்
1999 ஜூலை 14

என் தங்கைக்கு, ஸலாம். இறைவன் உன்னைத் தனியாக விடமாட்டான். நானும் விடமாட்டேன்.

ஹம்தானை என்னிடம் அனுப்பு. அண்ணியும் நானும் பேசிவிட்டோம். தாளெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். தாஹிர் அக்டோபரில் திரும்புகிறார், அவரோடு வரட்டும். சாலிமோடு படிப்பான், வளர்வான். முஸ்இத்தின் பிள்ளைகளுக்குக் கடல் தாண்டத் தெரியாது. இங்கே யார் வீட்டுச் சுவரிலும் துப்பாக்கி தொங்குவதில்லை.

நாஜியிடம் சொல். நான் கெஞ்சுகிறேன் என்றே சொல்.
முக்பில்


பைத் மஅயன்
1999 ஆகஸ்ட் 12

அன்பு அண்ணனுக்கு, ஸலாம். உங்கள் கடிதத்தை அவர் கையில் வாங்கிப் படித்தார். படித்துவிட்டுப் பல மாதத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து, "உம்மு ஹம்தான், அவனுக்கு ஒரு நல்ல பெட்டி வாங்கணும்" என்றார். பயணத் தாளுக்குப் படம் எடுத்தாயிற்று. படத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான். சொன்னாலும் எடுப்பதில்லை. பழைய சப்பாத்தில் விளக்கு அணைந்துவிட்டது.

அனுப்புமுன் ஒன்று கேட்க வேண்டும். தவறாக நினைக்காதீர்கள். இப்போதெல்லாம் எந்த வீட்டில் கால் வைக்குமுன்னும் இதைக் கேட்டுவிட்டுத்தான் அவனை உள்ளே விடுகிறேன். "சுங்க அதிகாரி வந்துட்டாடி, மூட்டைய அவுருங்க" என்று பெண்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

உங்கள் வீட்டிலோ கடையிலோ துப்பாக்கி இருக்கிறதா? இருந்தால், உள்ளே தோட்டா இருக்கிறதா? பூட்டியிருக்கிறதா?

ஒரு வரி எழுதினால் போதும்.
நூரிய்யா


டெட்ராய்ட்
1999 செப்டம்பர் 20

அன்புத் தங்கைக்கு, ஸலாம். எல்லாம் தயார். சாலிமின் அறையில் இன்னொரு கட்டில் போட்டுவிட்டோம். நீல நிறக் கம்பளி. பள்ளியில் நம் அரபு மொழி தெரிந்த ஆசிரியை ஒருவர் இருக்கிறார், லெபனான்காரர். நானே போய்ப் பேசினேன். ஹலால் இறைச்சி நடக்கும் தூரத்தில். பனிக்காலத்துக்கு மேலங்கி வாங்கியாயிற்று, ஒரு அளவு பெரிதாக. சப்பாத்துக்குப் பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்பு.

அவன் தனியாக இருப்பானோ என்று நினைக்காதே. பள்ளி விட்டதும் இரண்டு பேரும் கடைக்கு வந்துவிடுவார்கள். இன்னொரு கிரேட் போட்டிருக்கிறேன். கல்லாவுக்குப் பின்னால், என் கண் முன்னால், என் கைக்கெட்டும் இடத்தில் இருப்பார்கள். இந்த ஊரில் எவன் உள்ளே வந்தாலும் நான் பார்த்துக்கொள்வேன்.

முதுகு இப்போது நன்றாக இருக்கிறது. நாஜிக்கு ஸலாம்.
முக்பில்


பைத் மஅயன்
1999 அக்டோபர் 22

அன்பு அண்ணனுக்கு, நூரிய்யாவின் ஸலாம். உங்கள் முதுகு நன்றாக இருப்பதில் மகிழ்ச்சி.

உங்கள் கடிதத்தை அவரும் படித்தார், நானும் படித்தேன். கட்டில், கம்பளி, ஆசிரியை, இறைச்சி, மேலங்கி. நான் கேட்காத எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து பையனின் துணிகளை எடுத்து மாடத்தில் திரும்ப அடுக்கினார். நான் மடித்துக் கொடுத்தேன்.

ஹம்தான் வரவில்லை. நான் அவனைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துப் போகிறேன். முஸ்இத்தின் மகன் நிற்கும் பக்கமாக நான் நடக்கிறேன். இங்கே யார் கையில் துப்பாக்கி இருக்கிறது என்றாவது எனக்குத் தெரியும்.

தாஹிரிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். கழுதைக்கு ஒன்று, ஸப்ரிய்யாவுக்கு நான்கு போக மிச்சமிருந்த பூட்டு. சாவியும் சேர்த்து முடிந்திருக்கிறேன். போடும் விதம் உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். முதலில் தோட்டாவை வெளியே எடுக்க வேண்டும்.

அந்தக் கிரேட்டில் உட்கார்ந்திருக்கும் சாலிமுக்கு என் முத்தம்.
நூரிய்யா